நான்கு கதவு, மூன்று பொட்டு

அத்தியாயம் 5

டிரைவர் கண்ணையனின் மனைவி ஜெயா மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்ததும் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்கள் பாதிப் படியில் ஒரு முறை நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பது வழக்கம். கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் சுப்புராயன் அந்த யோசனை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை வைத்தே, வந்திருப்பது களவா கள்ளக்காதலா என்று சொல்லிவிடுவான். ஜெயா எந்தப் படியிலும் நிற்கவில்லை. நேராக வந்து மேடத்தின் மேஜை முன்னால் நின்றாள். இரண்டு நாளாகத் தலை வாரவில்லை என்று தெரிந்தது.

"மேடம், எங்க வூட்டுக்காரரு ஒண்ணு சொல்லி அனுப்பினாரு."

"உட்காரும்மா. சொல்லு" என்றார் சிவகாமசுந்தரி மேடம்.

மேடம் மோட்டார் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவர். மோதாத லாரி, கவிழாத வேன், எரியாத கார் என்று அவர் பிடித்த பொய்களைப் பட்டியல் போட்டால் வில்லியனூர் தேரோடும் வீதி முழுக்க ஒட்டலாம். அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு இந்த நிலையத்தை ஆரம்பித்தார். நான் தணிகைவேல். காலையில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், மத்தியானத்துக்கு மேல் மேடத்துக்கு உதவியாளன். இந்தக் கேஸுக்காக அன்றைக்குக் காலையிலேயே நிலையத்துக்கு வந்திருந்தேன். இரண்டு வேலையிலும் ஷாக் அடிக்கும். ஒயரிங்கில் அடித்தால் கையை உதறிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

நடந்தது இதுதான். முந்தாநாள் விஜயதசமி. இரும்புக் கடை தெய்வசிகாமணி குடும்பத்தோடு தன் அம்பாசிடரில் பாகூருக்குப் போனார். மகள் கல்யாணத்துக்கான ஒட்டியாணம் ஒரு பெட்டியில் பின் சீட்டில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போனார்கள், ஏனென்றால் வண்டியில் அலாரம் இருக்கிறது. பிரான்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருக்கும் அவருடைய மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த அலாரம். பூட்டிய வண்டியின் எந்தக் கதவைத் திறந்தாலும் ஊளையிடும். அரை மணி கழித்து வந்து பார்த்தால் பெட்டியைக் காணோம். எதிர் டீக்கடையில் இருந்த டிரைவர் கண்ணையன் உள்பட யார் காதிலும் எந்த ஊளையும் விழவில்லை.

அலாரத்தை அணைக்கும் ரகசிய சுவிட்ச் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. அதைப் போடவும் அணைக்கவும் டிரைவர் பக்கத்துக் கதவுக்கு மட்டும் பத்து வினாடி அவகாசம் உண்டு. அது தெரிந்தவர்கள் முதலாளியும் டிரைவரும். 'அலாரம் கத்தவில்லை என்றால் அதை அணைக்கத் தெரிந்தவர்தான் எடுத்திருக்க வேண்டும்' என்று, தெய்வசிகாமணி எங்களிடம் வந்து கேட்டபோது, மேடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பாகூர் இன்ஸ்பெக்டர் சிங்காரவேலு கண்ணையனை உள்ளே வைத்துவிட்டார். சுவிட்ச் தெரிந்த மூன்றாவது ஆளும் உண்டு. அதைப் பொருத்திய நான். அந்த நேரத்தில் நான் என் பட்டறையில் ஒரு டிராக்டருக்கு அடியில் கிடந்ததை ஊரே பார்த்ததால் மேடம் என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"பின்னாடி இடது பக்கத்துக் கதவு இருக்குதில்ல மேடம்," என்றாள் ஜெயா, "அதத் தொறந்தா உள்ளார லைட்டு எரியாதாம். அந்தக் கதவுக்கு அலாரமும் கத்தாதாம். போய்ப் பாக்கச் சொன்னாரு."

"ஏன் எரியாதாம்?"

"அதத்தான் நானும் கேட்டேன். அதெல்லாம் உனக்கு வாணாம், இத மட்டும் சொல்லு போதும்னாரு." அவள் என் பக்கம் திரும்பினாள். "தணிகை அண்ணே, உங்களையும் கூடப் போகச் சொன்னாரு. அண்ணன் பாத்தா புரிஞ்சிக்கும்னாரு. நாளைக்குக் காத்தால கோர்ட்டுக்கு இட்டுகினு போறாங்களாம்ணே. அதுக்குள்ள எதுனா பண்ணுங்கண்ணே."

"பண்ணிடலாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

எனக்கு அவன் சொல்லாமலே புரிந்தது. அந்தக் கதவின் ஒயரைக் கழற்றியவனே நான்தானே.

கார்க் கதவின் சட்டத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கதவை மூடினால் அது அமுங்கி உள்ளே போகும், திறந்தால் வெளியே வரும். வெளியே வந்தால் உள் விளக்கு எரியும். அதே ஒயரில் அலாரத்தையும் கோத்துவிட்டால் விளக்கு எரியும்போதெல்லாம் அலாரமும் கத்தும். தெய்வசிகாமணி அந்த அம்பாசிடரில் மனிதர்களோடு இரும்புக் கம்பியையும் ஏற்றுவார். பின் இடது கதவு கீல் தளர்ந்து தொங்கிவிட்டது. பூட்டியிருந்தாலும் கொஞ்சம் தூக்கி இழுத்தால் திறந்துகொள்ளும். தொங்கிய கதவு பொத்தானைச் சரியாக அமுக்காததால், மாடு உரசினாலும் விளக்கு மினுக்கும், அலாரம் ஊளையிடும். ஒரு வாரம் ஒதியம்பட்டில் தெய்வசிகாமணி வீட்டுத் தெருவே தூங்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். பேட்டரி, ரிலே எல்லாம் பார்த்து, நான்கு பொத்தானையும் விரலால் ஒவ்வொன்றாக அமுக்கி, அரை மணியில் கோளாறைப் பிடித்துவிட்டேன். கோளாறைப் பிடிக்கிற மூளை எனக்கு உண்டு, அதைச் சரிசெய்கிற பொறுமைதான் கிடையாது. கீலை இறக்கித் தட்டிச் சரிசெய்ய ஒரு முழு நாள் வேண்டும். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருந்தது, பட்டறை வாசலில் எட்டு வண்டி நின்றது. அந்தப் பொத்தானைக் கழற்றி, ஒயரைப் பிரித்து, டேப் சுற்றி உள்ளே தள்ளி, திரும்ப ஸ்குரூவை முடுக்கிவிட்டேன். "இனிமே கொசு உக்காந்தாலும் கத்தும் முதலாளி" என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் கண்ணையன். "முதலாளி காதுல போட்டுடாதடா. பூஜை முடிஞ்சதும் வந்து ஒழுங்காப் பண்ணிடறேன்" என்று கேட்டுக்கொண்டேன். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். "சரிண்ணே" என்றான்.

மேடம் போனை எடுத்து பாகூர் ஸ்டேஷனுக்குப் பேசினார். "ஆமாம், பதினோரு மணிக்கு. அவனையும் கூட்டிட்டு வாங்க. நீங்களே உங்க கையால கதவைத் திறந்து பாருங்க." ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பதினோரு மணிக்கு ஒதியம்பட்டு வந்துடுங்க, தணிகைவேல்."

"வந்துடறேன் மேடம்" என்றேன்.

பத்து மணிக்கே போய்விட்டேன்.

தெய்வசிகாமணி கடையில் இருந்தார். அவருடைய மனைவி கோகிலாம்பாள்தான் ஷெட் சாவியையும் வண்டிச் சாவியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"இன்னாப்பா தணிகை, இப்ப வந்திருக்கிற?"

"பேட்டரி இறங்கியிருக்கும்மா. இன்ஸ்பெக்டர் வர்றாரு, ஒரு தடவை பாத்துடலாம்னு."

"பாரு பாரு. அந்தப் பாவி கண்ணையன நீதான சேத்து வுட்ட? எம்பொண்ணு ரெண்டு நாளா சோறு துன்னல."

அவர் உள்ளே போகும்வரை பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி குத்துக்கல் மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

வண்டி முழுக்க பூஜைச் சந்தனம். கோகிலாம்பாள் பொட்டு வைக்காத இடம் பெட்ரோல் ஒன்றுதான். ஹெட்லைட், ஸ்டியரிங், ஹாரன், நான்கு கதவுப் பொத்தான்களின் ஸ்குரூ என்று எல்லாவற்றிலும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார். பின் இடது கதவின் ஸ்குரூவில் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. மீதியைக் கைக்குட்டையால் துடைத்தேன். டேப்பைப் பிரித்து ஒயரை அதன் இடத்தில் மாட்டினேன். உள்ளே மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

விளக்கு எரிந்தால் எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும். அன்றைக்குத் திருட்டுப்பயல் மாதிரி சட்டென்று கதவைச் சாத்தினேன். வெறுமனே சாத்தினால் கதவு தொங்கும் என்பதால், கீழே ஒரு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து சாத்தினேன்.

அப்போது என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேடம் கெட்டிக்காரர், வேறு ஏதாவது வழியில் கண்ணையனைக் காப்பாற்றிவிடுவார். என் பெயர் மட்டும் இதில் வந்துவிடக் கூடாது. 'தணிகைவேல் கழட்டிப்போட்ட ஒயராலதான் ஒட்டியாணம் போச்சு' என்று ஒருத்தன் சொன்னால் போதும், வில்லியனூரிலிருந்து அரியாங்குப்பம் வரை ஒருத்தனும் எனக்கு ஒரு பல்பு மாட்டக்கூட வண்டி தரமாட்டான். இப்படியே பத்து நிமிஷம் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். கேஸ் எனக்குச் சாதகமாகத்தான் முடிந்தது.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. சிங்காரவேலு இறங்கினார். பின்னாலிருந்து, எங்கள் பக்கத்துப் போலீஸ் போடும் சிவப்புக் குல்லாயோடு ஒரு போலீஸ்காரர் கண்ணையனை இறக்கினார். உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த வீங்கிய உதட்டோடு லேசாகச் சிரித்தான். அண்ணன் வந்துவிட்டார், இனிமேல் பயமில்லை என்கிற சிரிப்பு. நான் ஷெட்டின் கூரையைப் பார்த்தேன்.

கடையிலிருந்து ஓடிவந்த தெய்வசிகாமணி டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அலாரத்தைப் போட்டார். மேடம் ஓரமாக நின்றார்.

"எந்தக் கதவுடா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பின்னால இடது பக்கம்ங்க ஐயா. தூக்கி இழுங்க, தொறந்துக்கும். லைட்டு எரியாது. சத்தமும் வராது."

இன்ஸ்பெக்டர் கதவைத் தூக்கி இழுத்தார். விளக்கு எரிந்தது. அலாரம் ஊளையிட்ட ஊளையில் ஒதியம்பட்டுக் காக்கையெல்லாம் பறந்தன.

தெய்வசிகாமணி காதைப் பொத்திக்கொண்டு அதை அணைத்தார்.

"இல்லிங்க ஐயா..." என்றான் கண்ணையன். "எரியாதுங்க. நெசமா எரியாது..."

அவன் என்னைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். 'இவருதான் கழட்டினாரு, கேளுங்க' என்று மூன்று சொல் போதும். அவன் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரின் கை அவன் கன்னத்தில் இறங்கியபோதுகூட அவன் என் பெயரைச் சொல்லவில்லை.

"போலீஸ அலைய வைக்கிறியா? ஏறுடா வண்டில. நாளைக்கு ஜட்ஜுகிட்ட காட்டு உன் லைட்ட." ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"பாத்தீங்களா மேடம்? நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிவிட்டுத் தெய்வசிகாமணி கடைக்குத் திரும்பினார்.

"போகலாமா மேடம்?" என்றேன். "கேஸ் முடிஞ்ச மாதிரிதான். வெயிலுக்கு ஒரு நன்னாரி சர்பத்..."

"தணிகைவேல், பதினாறு வருஷத்துல எந்தப் பொய்க்காரனும் வண்டியை வந்து சோதிச்சுப் பாருங்கன்னு என்னைக் கூப்பிட்டதே இல்ல. சோதிக்கப் போறேன்னா ஓடுவாங்க. இவன் ஆள் அனுப்பிக் கூப்பிடறான்."

"இவன் புது மாடல் பொய்க்காரனா இருக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. காரைச் சுற்றி நடந்தார். முன் வலது கதவைத் திறந்து பார்த்தார். அடுத்து முன் இடது. பிறகு பின் வலது. கடைசியாகப் பின் இடது கதவின் முன்னால் குனிந்து வெகு நேரம் நின்றார்.

"கோகிலாம்பாள் அம்மா!"

அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பூஜையன்னிக்கு எல்லாக் கதவுக்கும் பொட்டு வெச்சீங்களா?"

"பின்ன? நாலு கதவுலயும் அந்தப் பொத்தான் மேலயே வெச்சேன். இனிமே ராத்திரில கத்தாம இருடாப்பான்னு வேண்டிகினு வெச்சேன்."

"நாலு கதவு. இங்க மூணு பொட்டுதான் இருக்கு."

"அய்ய, நல்லா வெச்சேனே!" கோகிலாம்பாள் குனிந்து பார்த்தார். யார்மேலும் சந்தேகப்படாமல், தன் பூஜையில் குறை வந்துவிட்டதே என்று அவமானப்பட்டார்.

"திருட்டுப் போனதுக்கு அப்புறம் இந்த வண்டியை யாராவது தொட்டாங்களா?"

"ஆரும் தொடல. சாவி எங்கிட்டதான் இருக்குது. காத்தால தணிகை வந்து பேட்டரி பாத்துது, அவ்ளோதான்."

அவர் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே ஓடினார். எனக்கும் எங்காவது ஓட வேண்டும் போலிருந்தது.

மேடம் கால்மிதி ரப்பரில் விரலை ஒற்றி எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் மஞ்சளாகச் சந்தனத் தூள்.

"முந்தாநாளே உதிர்ந்திருந்தா அன்னிக்குக் குடும்பமே ஏறி இறங்கினதுல மிதிபட்டுப் போயிருக்கும். இது புதுசு. பூஜைப் பொட்டு ஸ்குரூவுக்கு முத்திரை வெச்ச மாதிரி இருந்திருக்கு. யாரோ இன்னிக்குத்தான் முத்திரையை உடைச்சு உள்ள கை வெச்சிருக்காங்க. உங்க ஸ்குரூ டிரைவரைக் கொஞ்சம் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டையால் கதவைத் துடைத்தவன் இதைத் துடைக்க மறந்துபோனேன். நுனியில் சந்தனம் அப்பியிருந்தது.

"என் பட்டறையிலயும் ஆயுத பூஜை போட்டோம் மேடம்."

"கைப்பிடியில குங்குமத்தோட பொட்டு இருக்கு. அது உங்க பூஜை. நுனியில இருக்கிறது யாரோட பூஜை?"

ஷெட்டில் கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். ஒயரைக் கழற்றியது, கண்ணையன் டார்ச் பிடித்தது, அவனிடம் வாக்கு வாங்கியது, காலையில் திரும்ப மாட்டியது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்குரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதின ஒரு வரியிலதான் அவன் உள்ள போனான்," என்றார். "நாலு கதவையும் திறந்து பாக்காம எழுதினேன். இன்ஷூரன்ஸ்ல இருக்கும்போது அப்படி ஒரு தடவைகூட எழுதினதில்ல. நீங்கதான் ஒயரிங் போட்டீங்கங்கிற நம்பிக்கை. அதனால பாக்கல."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"இப்பவே பாகூருக்குப் போறேன். நான் எழுதினது தப்புன்னு எழுதிக் குடுக்கணும். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம். நானே கண்டுபிடிச்சதாச் சொன்னாலும் அவன் வெளிய வந்துடுவான்."

அவர் மொபெட்டை மிதித்துக் கிளப்பினார். நான் என் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். கரிக்கலாம்பாக்கம் தாண்டும் வரை, திரும்பிப் போய்விடலாம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தோன்றியது. பாதிப் படியில் நிற்கிறவர்களைக் கிண்டல் செய்வதை அன்றோடு விட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் ஜெயா ஒரு தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் கண்ணைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

"ஐயா, அந்தக் கதவு ஒயரைக் கழட்டினது நான்தான்" என்றேன். "பூஜைக்கு ரெண்டு நாள் முன்னால. திருட்டுப் போன அன்னிக்கு அந்தக் கதவுல லைட்டும் கிடையாது, அலாரமும் கிடையாது. கீலும் தொங்குது. ரோட்டுல போற எவன் வேணா தூக்கி இழுத்திருக்கலாம். சுவிட்சு தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல."

மேடம் தன் தாளை மேஜைமேல் வைத்தார். "என் கருத்தை வாபஸ் வாங்கறேன். இதுல அவனைக் குற்றவாளியாக்க ஒண்ணுமே இல்ல."

சிங்காரவேலு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் கண்ணையன் எழுந்து நின்றான்.

"நான் சொன்னேன்ல ஐயா!" என்றான். "தணிகை அண்ணன் வருவாருன்னு எனக்குத் தெரியும். நானா அவரு பேரச் சொன்னா நல்லாருக்காது, அவரே வந்து சொல்லுவாருன்னுதான் இருந்தேன். ஆரோ நடுவுல ஒயர மாட்டி வுட்டுட்டாங்க, அதையும் அண்ணந்தான் கண்டுபுடிச்சிருக்காரு பாருங்க!"

வாசலில் ஜெயா என்னைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"அதான் கேக்கறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "கழண்ட ஒயரு காலைல எப்படிய்யா கத்திச்சு? யாரு மாட்டினது?"

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொல்லாவிட்டால் அவரும் சொல்லியிருக்கமாட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"நான்தான்" என்றேன். "இன்னிக்குக் காலைல. என் பேரு கெட்டுடும்னு பயந்து மாட்டிட்டேன்."

இன்ஸ்பெக்டர் என்னென்னவோ சொல்லித் திட்டினார். சாட்சியத்தைக் கலைத்ததற்கு என்மேல் என்ன வழக்கு போடலாம் என்று சட்டப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். உண்மையான திருடனுக்கு இரண்டு முழு நாளைத் தானம் கொடுத்துவிட்டாயே என்றார். எல்லாம் சரிதான். எதுவும் எனக்கு உறைக்கவில்லை. கண்ணையன் கம்பியை விட்டு நகர்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதுதான் உறைத்தது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். கதவைத் திறந்து அவனை வெளியே விட்டார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி நடந்து வாசலுக்குப் போனான். ஜெயா தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் நிறுத்தினேன்.

"கண்ணையா, ஏறுடா. ஜெயா, நீயும் ஏறிக்க. வூட்ல வுட்டுடறேன்."

அவன் வீங்கிய உதட்டை நாக்கால் தடவினான்.

"காத்தால நீங்க ஒயர மாட்டும்போது, என்னைய அங்க இட்டுகினு வரப்போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல ஒரு வினாடி இருந்தது. அந்த வினாடியில் எனக்கு நல்ல பொய்கள் இரண்டு தோன்றவும் செய்தன.

"தெரியும்" என்றேன்.

அவன் தலையாட்டினான். பஸ் வந்தது. ஜெயாவை முன்னால் ஏற்றிவிட்டு, அவனும் ஏறி, என் பக்கத்து ஜன்னலோரம் காலியாக இருந்தும், அந்தப் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்தான்.